ரிடிம் தொகுப்பு கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஜமைக்காவின் ரெகே இசைப் பக்கம் புதிதாக வருபவரிடம் ஒரு ரிடிம் தொகுப்பை, அதாவது ஒரே பின்னணி இசையில் பலர் பாடிய பாட்டுகளின் தொகுப்பைக் கொடுத்தால், மூன்றாவது பாட்டிலேயே "என்ன இது, ஒரே பாட்டுதானே திரும்பத் திரும்ப வருது" என்பார். அத்தோடு நிறுத்தியும் விடுவார். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஜமைக்காவில் ரிடிம் என்றால் வெறும் தாளம் அல்ல. டிரம்ஸும் பேஸும் (கனத்த கீழ்ச்சுர ஒலி) சேர்ந்து போடும் முழு அடித்தளம் அது. அதன்மேல் ஒவ்வொரு பாடகரும் தன் சொந்த மெட்டையும் வரிகளையும் வைத்துப் பாடுவார். பின்னணி ஒன்று, பாட்டுகள் வேறு வேறு. அதனால் இதை ரீமிக்ஸ் என்று சொல்வதும் சரியில்லை, யாரோ யாரையோ காப்பியடித்தார் என்பதும் சரியில்லை. ஒரே ரிடிமில் முழு ஆல்பம் போடும் வழக்கம் 1974இல் ரூப்பி எட்வர்ட்ஸ் வெளியிட்ட 'யமஹா ஸ்காங்க்' காலத்திலிருந்தே இருக்கிறது.

'திவாலி' ரிடிமை எடுத்துக்கொள்ளுங்கள். லெங்கி என்கிற ஸ்டீவன் மார்ஸ்டன் உருவாக்கியது. கிரீன்ஸ்லீவ்ஸ் இசை நிறுவனம் 2002இல் தொகுப்பாக வெளியிட்டது. பெயர் நம் தீபாவளிதான், ஆனால் இசை அசல் ஜமைக்கா டான்ஸ்ஹால், அதாவது ரெகேயிலிருந்து பிறந்த ஆட்ட இசை. முதலில் காதைப் பிடிப்பது கைத்தட்டல். எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழும். அதை மனதில் வைத்துக்கொண்டு ஷான் பாலின் 'கெட் பிஸி'யைக் கேளுங்கள். சொற்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, தட்டலுக்குப் பக்கத்திலேயே அடுக்கிக்கொண்டு போவார். 2003இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. உடனே வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ'வைப் போடுங்கள். அதே தட்டல்தான். அவரோ குரலை இழைத்து, தட்டலுக்கு மேலே மிதக்கவிடுகிறார். ஆடவைத்த அதே அடித்தளம் இங்கே காதல் பாட்டாகக் குழைந்து நிற்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு இந்த இடம் அலுக்கவே இல்லை.

இப்படி ஒன்றையடுத்து ஒன்றாகக் கேட்டால்தான் இந்தச் சுவை கிடைக்கும். வேறு பாட்டுகளோடு கலந்து ஷஃபிளில் போட்டால் காணாமல் போய்விடும். அப்புறம், போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் காதுக்கே வராது. பேஸ் இல்லையென்றால் ரிடிமில் பாதி இல்லை. சாதாரண ஹெட்போன் போதும்.

'டீஜே' என்ற சொல்லும் பலரைக் குழப்பும். ஜமைக்காவில் டீஜே என்பவர் இசைமேல் தாளக்கட்டோடு பேசிப் பாடுபவர். இசைத்தட்டைப் போடுபவருக்கு 'செலக்டர்' என்று பெயர்.

இன்னொன்று, பாடகர் பெயரை மட்டும் பார்ப்பது. ரிடிமை உருவாக்கியவர் யார் என்றும் பாருங்கள். வெய்ன் ஸ்மித் பாடி 1985இல் வந்த 'ஸ்லெங் டெங்' ரிடிம், கேஸியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு தாளத்திலிருந்து பிறந்தது. அதை வைத்துத் தயாரித்தவர் கிங் ஜாமி. ஜமைக்கா இசை கணினி ஒலிப் பக்கம் திரும்பியதற்கு அது பெரிய காரணம்.

பல தொகுப்புகளின் கடைசியில் குரலே இல்லாத 'வெர்ஷன்' ஒன்று இருக்கும். பாட்டு முடிந்தது என்று அணைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் பாடி முடித்த பிறகு அதைக் கேட்கும்போது, யார் எந்த இடத்தில் நுழைந்தார் என்பது தானாகவே காதில் ஓடும்.