காய் நறுக்கும் பலகைக்கு நம்ம ஊர்ப் புளியமரமும் மாமரமும் போதும்

கிருஷ்ணகிரி பக்கம் வயதான மாந்தோப்பை அழித்தாலும் சரி, தருமபுரி பக்கம் ரோட்டோரப் புளியமரம் சாய்ந்தாலும் சரி, பெரும்பாலும் எல்லாம் விறகாகத்தான் போகிறது. அதில் ஒரு நல்ல துண்டைக் கேட்டு வாங்கி வைத்தால் வருஷக்கணக்கில் உழைக்கும் பலகை கிடைக்கும்.

கறி வெட்டுவதற்குப் புளிதான். கறிக்கடைகளில் புளியங்கட்டை இருப்பது சும்மா இல்லை, அதன் நார் பின்னிக்கொண்டு ஓடுவதால் கத்தி எத்தனை முறை விழுந்தாலும் லேசில் பிளக்காது. நடுவில் கருஞ்சிவப்பாக இருக்கும் வைரப் பகுதியைப் பார்த்து எடுங்கள், வெளியே உள்ள வெளிர் மஞ்சள் பகுதியைப் பூச்சி துளைத்துவிடும். காய்கறிக்கு மா போதும். வேம்பும் நல்லதுதான், கொஞ்ச நாள் வாடை இருக்கும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் கத்தி சீக்கிரம் மழுங்கும். அரளி விஷம், பக்கத்திலேயே போகாதீர்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம் இதெல்லாமும் வேண்டாம்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பலகை கோணுவதும் வெடிப்பதும் பெரும்பாலும் இங்கே அவசரப்படுவதால்தான். மரம் சுருங்கும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்குவது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் உருண்டையாக அப்படியே வெட்டிய வட்டக்கட்டை காயும்போது ஓரத்திலிருந்து மையம் வரை பிளந்துகொள்ளும். அறுவை மில்லில் மையத்தை விட்டுவிட்டுப் பலகையாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். மாமரத்தை வெட்டியதும் அறுத்துவிட வேண்டும், கிடந்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். இரண்டு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசி, நடுநடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, காற்று வரும் நிழலில் அடுக்குங்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் போட்டால் வெடிக்கத்தான் செய்யும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக் கணக்கு. மாதம் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள், எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது.

அப்புறம் இழைத்து, 80, 120, 220 நம்பர் என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு. ஈரத்துணியால் துடைத்தால் நார் சிலிர்த்து நிற்கும், காய்ந்ததும் மறுபடி 220 போட்டால் வழவழப்பு நிலைக்கும்.

வார்னிஷ் கத்தி பட்டு உரிந்து சாப்பாட்டில் விழும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். மெடிக்கல் கடையில் வேறு எதுவும் கலக்காத லிக்விட் பாரஃபின் (கனிம எண்ணெய்) கேளுங்கள். முன்புறம், பின்புறம், ஓரம் எல்லாம் தாராளமாகப் பூசி, இரவு முழுக்க விட்டு, காலையில் துடைத்து, மூன்று நான்கு நாள் இப்படியே செய்யுங்கள். தேன்மெழுகு கிடைத்தால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு பாரஃபின் சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி மேலே தேயுங்கள், நேரடித் தீயில் வைக்கக் கூடாது.

கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஊறப்போடாமல் இரண்டு பக்கமும் கழுவி நிமிர்த்தி வையுங்கள். மேலே தெளித்த தண்ணீர் முத்தாக நிற்காமல் உள்ளே இறங்க ஆரம்பித்தால் மறுபடி பாரஃபின் பூச வேண்டிய நேரம்.