மதுரையில இருந்து ஃப்ளைட் எத்தன கிலோமீட்டர், எவ்ளோ நேரம்னு கணக்குப் போடுறது எப்படி?

கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ் ஓப்பன் பண்ணி நம்ம ஏர்போர்ட் மேல ரைட் கிளிக் பண்ணுங்க, தூரம் அளக்குற ஆப்ஷன் வரும், அத அமுக்கிட்டு சென்னை ஏர்போர்ட்ட கிளிக் பண்ணா நேர்கோட்டுல சுமார் 417 கிமீ காட்டும் (ரோட்டுல போனா 450க்கு மேல).

நேரத்துக்கு, தூரத்த 800ஆல (ஃப்ளைட் மணிக்கு சுமாரா போற கிமீ) வகுத்து அரைமணி நேரம் கூட்டிக்கோங்க, ஏற இறங்க ரன்வேல ஊர்ந்து போகன்னு அவ்ளோ ஆகும். சென்னைக்கு ஒரு மணி நேரம் வருது, டிக்கெட்ல கொஞ்சம் கூடவே போட்டிருப்பாங்க.

துபாய்னா சூதானமா பாருங்கண்ணே! டிக்கெட்ல அந்தந்த ஊரு நேரம்தான் இருக்கும், அவங்க நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. இங்க 12 மணிக்கு ஏறி அங்க 2:45க்கு இறங்குனா ரெண்டே முக்கால் மணி இல்ல, நாலே கால். திரும்பி வரும்போது இதே ஒன்றரைய கழிக்கணும்.