வரவேற்பு வரிசையில் யார் முதலில் நிற்பது?

போன வாரம் ஒரு கல்யாணத்தில் விருந்தினர் வரிசை கதவைத் தாண்டி வெளியே நின்றது. எட்டிப் பார்த்தேன். நினைத்தபடிதான். வந்தவர்களை ஒவ்வொருவராகக் கைகுலுக்கி வரவேற்க மணமக்களும் வீட்டாரும் நிற்கும் வரிசையில் முதல் ஆளாக ஒரு மாமா, வந்தவர் கையை விடாமல் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார். ஏற்பாடு செய்த பையனைக் கேட்டால், "அவருக்குத்தான் எல்லாரையும் தெரியும், அதான் முன்னால நிறுத்தினோம்" என்கிறான். பத்து வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

சிரித்த முகமாக நில்லுங்கள், போனை எடுக்காதீர்கள் என்பதெல்லாம் தெரிந்ததுதான். விட்டுவிடுகிறேன். இந்த வரிசையில் நடக்கும் மற்ற தவறுகள் இவை.

பேச்சுக்காரரை முதலில் நிறுத்துவது

என் தம்பி கல்யாணத்தில் பெரியப்பாவை முதலில் நிறுத்தினேன். 200 பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கு 15 விநாடி என்றால் 50 நிமிஷத்தில் முடிந்திருக்கும். பெரியப்பா ஆளுக்கு 45 விநாடி எடுத்துக்கொண்டார். இரண்டரை மணி நேரக் கணக்கு! மற்றவர்கள் எவ்வளவு சுருக்கமாகப் பேசினாலும் பயனில்லை. வரிசையில் யார் மெதுவோ, அவர் வேகம்தான் மொத்த வரிசைக்கும். அவருக்கு அந்தப் பக்கம் கூட்டம் நெரிகிறது, இந்தப் பக்கம் மணமக்கள் ஆளில்லாமல் நிற்கிறார்கள். தம்பி மனைவி செருப்பிலிருந்து ஒரு குதிகாலை வெளியே எடுத்து, கால் மாற்றி மாற்றி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவளுடைய பழைய டீச்சர் பாதி வரிசையிலேயே திரும்பிப் போய்விட்டார். அதை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

நடுவில் போய், "பெரியப்பா, கொஞ்சம் சீக்கிரம்" என்று காதில் சொன்னேன். வந்தவரிடமே என்னைக் காட்டி, "இவன் சின்ன வயசிலிருந்தே அவசரக்காரன்" என்று ஒரு புதுக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் கடைசியில் நிறுத்தியிருக்க வேண்டும். அவருக்கு அடுத்து காலி இடம் இருந்தால் போதும், பிடித்தவரை ஓரமாக அழைத்துப்போய் ஆசை தீரப் பேசலாம். முதலில் நிற்பவருக்கு ஊரையே தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெயரைக் கேட்டு, "இவங்க அத்தையோட வேலை பார்த்தவங்க" என்று அடுத்தவர் காதில் விழும்படி சொல்லி நகர்த்தத் தெரிந்தால் சரி. கடைசி என்றால் மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் முறுக்குவார்கள். முதல் நாளே பேசிவிடுங்கள், வரிசையில் நின்ற பிறகு முடியாது.

பெயர் மறந்தால் நடிப்பது

பக்கத்தில் நிற்பவரிடம் அறிமுகப்படுத்தும்போது மாட்டிக்கொள்வீர்கள். "முகம் நல்லாத் தெரியுது, பெயர்தான் வரலை" என்று கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

பரிசைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பது

வாங்கி வைக்கப் பின்னால் ஓர் ஆள் வேண்டும்.

வலது கை மோதிரம்

இடது கைக்கு மாற்றுங்கள். ஐம்பதாவது கைகுலுக்கலில் ஏன் என்று புரியும்.

நாற்காலி போடாதது

பின்னால் ஒன்று போட்டு வையுங்கள். பாட்டி கேட்க மாட்டார், ஆனால் உட்காருவார்.