ரௌட்டர் எத்தனை யூனிட் தின்கிறது? மீட்டரின் சிவப்பு விளக்கைக் கேளுங்கள்

போன முறை எங்கள் வீட்டு ரீடிங் 508 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டினால் கூடுதலான எட்டு யூனிட்டோடு போகாது, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் வேறு விலை வந்துவிடும். அந்த எட்டைத் தேடும்போதுதான் இரவு பகலாக ஓடும் இன்டர்நெட் பெட்டிகள் மேல் சந்தேகம் வந்தது. ஃபைபர் பெட்டி, கீழே ஒரு ரௌட்டர், மாடியில் ஒன்று, டிவிக்குப் பின்னால் பழைய நெட்வொர்க் சுவிட்ச் (பல கருவிகளை வயரால் இணைக்கும் பெட்டி). ஆக நான்கு அடாப்டர்.

அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் 12 வாட் என்று கணக்குப் போடாதீர்கள். அது அடாப்டர் அதிகபட்சம் தரக்கூடிய அளவு. ரௌட்டர் இழுப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

அளப்பதற்கு வீட்டு மின் மீட்டரே போதும். சிமிட்டும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் 'இம்ப்' என்று ஆங்கிலத்தில் ஓர் எண் இருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். 36 லட்சத்தை உங்கள் எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு 1125. ஒரு சிமிட்டலுக்கு ஆகும் விநாடிகளால் இதை வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைக்கும்.

ஃப்ரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் கால் மணி நேரம் நிறுத்துங்கள். இன்வெர்ட்டரை மறந்தால் கணக்கே தப்பு. ஒரு டியூப்லைட் மட்டும் எரியட்டும். மிகச் சிறிய லோடை மட்டும் வைத்தால் சில மீட்டர்கள் சரியாக எண்ணாது. முதல் சிமிட்டலில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, அதன்பின் ஐந்து சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எங்களுக்கு 270 விநாடி, அதாவது சுமார் 21 வாட். அப்புறம் நான்கு அடாப்டரையும் போட்டேன்: 150 விநாடி, 37.5 வாட். வித்தியாசம் கிட்டத்தட்ட 17 வாட்.

60 நாளுக்கு 1440 மணி நேரம். 17 வாட் என்றால் 24 யூனிட்டுக்கு மேல்! யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலே 120 ரூபாய்.

நெட்வொர்க் சுவிட்ச்சின் அடாப்டர் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. கையில் கனக்கும், எதையும் இணைக்காவிட்டாலும் சூடாக இருக்கும். இவை சும்மா இருக்கும்போதே மின்சாரம் இழுக்கும். அந்தச் சுவிட்ச்சை யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் அதையும் அதன் அடாப்டரையும் கழற்றிவிட்டு மறுபடி அளந்தேன்: 17 வாட் 12 ஆனது. இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட் மிச்சம். மாடி ரௌட்டர் 6 வாட். இரவு எட்டு மணி நேரம் நிறுத்தினால் இன்னும் மூன்று யூனிட். ஃபைபர் பெட்டியில் கை வைக்கவில்லை, அப்பாவின் லேண்ட்லைன் அதில்தான் ஓடுகிறது.

அடாப்டர் மாற்றுவதானால் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், பின்னின் ப்ளஸ் மைனஸ் குறியும் அப்படியே. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, அதனால் பில் ஏறாது. லேபிளில் ரோமன் எண்ணில் ஆறு இருந்தால் அதை வாங்குங்கள். அந்த வகையில் ரௌட்டருக்கான சிறிய அடாப்டர், சும்மா செருகியிருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது விதி.