எர்த் கம்பியைக் கழற்றினால் ட்ரிப் ஆகாதுதான், அதுதான் பயம்

போன மாதம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனோம். வாஷிங் மெஷினைப் போட்டால் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் கசிந்தால் தானே ட்ரிப் ஆகும் பிரேக்கர், விழுகிறது என்று புகார். பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வேலை பழகும் பையன் ஓடிவந்து, "அங்கிள், சரியாகிவிட்டது, எர்த் கம்பியைக் கழற்றிவிட்டேன்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன்.

மெயினை அணைக்காமல் கை வைக்காதே, ஈரக்கையோடு தொடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ட்ரிப் ஆவதை நிறுத்த எர்த்தை எடுப்பது

எர்த் லீக்கேஜ் செய்வது ஒரே வேலைதான். லைவ் கம்பியில் போன கரண்ட் நியூட்ரல் கம்பியில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்க்கும், வீட்டில் உள்ளது, திரும்புவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். மெஷினுக்குள் எங்கோ இன்சுலேஷன் கெட்டு, கரண்ட் தகரத்துக்கு வந்து, எர்த் கம்பி வழியாக ஓடுகிறது, அதனால் விழுகிறது. எர்த்தைக் கழற்றினால் கரண்டுக்குப் போக வழியில்லை, விழவும் விழாது. ஆனால் தகரத்தில் 230 வோல்ட் அப்படியே காத்துக்கொண்டிருக்கும், யாராவது வந்து தொடும்வரை.

நான் செய்தது ஓர் ஆன்ட்டி வீட்டு பிரீசரில். வெளிச் சமையலறை, மறுநாள் பூஜை, சாமான் எல்லாம் உள்ளே, எர்த் லீக்கேஜோ விழுந்துகொண்டே இருக்கிறது. அவசரத்தில் சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த்தை வெட்டி டேப் சுற்றிவிட்டேன். ஆன்ட்டி சோறு போட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து முற்றம் கழுவிவிட்டு வெறுங்காலோடு போய் பிரீசர் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார்கள். தூக்கி எறிந்துவிட்டது. எர்த் லீக்கேஜ் விழுந்ததால் பிழைத்தார்கள், அதுவும் கரண்ட் அவர்கள் உடம்பு வழியாகப் போன பிறகுதான் விழுந்தது. நான் எடுத்த கம்பியின் வேலையை ஆன்ட்டி பார்த்திருக்கிறார்கள்! பிரீசரைச் சரிசெய்த செலவு என் கையிலிருந்து போனது. அது போகட்டும், அந்த வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்க ஆறு மாதம் ஆனது.

சரி, என்னதான் செய்வது? எல்லாப் ப்ளக்கையும் பிடுங்குங்கள், பிரேக்கரைத் தூக்குங்கள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதைத் தனியே எடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் சோதியுங்கள். பிரீசரில் பெரும்பாலும் ஐஸை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர்தான் குற்றவாளி, டர்பன் ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். எல்லாம் பிடுங்கியும் விழுந்தால் சுவருக்குள் நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொடுகிறதா பாருங்கள். சின்ன பிரேக்கர் லைவை மட்டும்தான் வெட்டும், அதனால் அந்த சர்க்யூட்டை அணைத்தாலும் இந்தக் கோளாறு விழவைத்துக்கொண்டே இருக்கும். நான் ஒருமுறை இதில் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

டெஸ்ட் பட்டனை நம்பி எர்த்தைப் பார்க்காமல் விடுவது

பட்டன் தன் பெட்டிக்குள்ளேயே சோதித்துக்கொள்ளும். எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். அது மாதம் ஒருமுறை அழுத்த, எர்த்தைப் பார்க்க மீட்டர்.

எர்த்துக்கான பச்சை மஞ்சள் கம்பியை லைவுக்கு எடுப்பது

வேண்டாம். சிவப்பு டேப் சுற்றினாலும் வேண்டாம்.

தண்ணீர்க் குழாயை எர்த் என்று நினைப்பது

பழைய வீடுகளில் இரும்புக் குழாய், அதில் கிளாம்ப் போட்டிருப்பார்கள். பிளம்பர் வந்து நடுவில் ஒரு முழம் பிளாஸ்டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார், அதோடு எர்த் போச்சு. யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்வெர்ட்டர்

லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்த பிறகு வீட்டுக்கு வீடு மாட்டினோம். முனிசிபாலிட்டி கரண்ட் இருக்கும்போது நியூட்ரல் சப்ளை பக்கத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கும். அந்தக் கரண்ட் போய் இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது அந்த இணைப்பும் போய்விடலாம், அப்புறம் எர்த் லீக்கேஜ் வெறும் பொம்மை. இன்வெர்ட்டரில் தனியாக ஓடும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கும் ரிலே, அதாவது தானே மாறும் ஸ்விட்ச், இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். அது வேலை செய்கிறதா என்று மெயினை அணைத்துவிட்டு எர்த் லீக்கேஜ் டெஸ்டரால் பாருங்கள். எப்போதும் சேர்ந்தே இருக்கட்டும் என்று ஒரு துண்டுக் கம்பியை முறுக்கிவிட்டால், மெயின் திரும்பியதும் எர்த் லீக்கேஜ் விழ ஆரம்பிக்கும். அப்போது யாராவது ஒரு பையன் வந்து எர்த்தைக் கழற்றுவான்.

என்னிடம் வேலை பழகும் பையன் அந்த வாஷிங் மெஷின் ப்ளக்கில் எர்த்தைத் திரும்ப மாட்டினான், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெஷினில் கெட்டது ஹீட்டர். மாற்றிவிட்டோம்.