இனப்பெருக்க உயிரியல் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் கணக்கும்: பிழையின்றித் தயாரிக்கும் முறை

ஒரே ஆய்வாளரின் எச்-இன்டெக்ஸை (குறைந்தது 6 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 6 இருந்தால் 6 என்று போகும் எண்) கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மூன்று கட்டுரைத் தரவுத்தளங்களிலும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று வெவ்வேறு எண்கள் வரும். கூகுள் ஸ்காலரில் பொதுவாக அதிகமாக இருக்கும். ஆய்வேடுகளிலும் முன்பதிப்புகளிலும் (இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் கட்டுரைகள்) வந்த மேற்கோள்களையும் அது எண்ணிக்கொள்கிறது. மூன்றில் எதுவும் பொய்யில்லை. எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று சொல்லாமல் எழுதும்போதுதான் கோளாறு. எண்ணுக்குப் போகுமுன் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போகும்.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணான ஆர்கிட் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். மொத்தம் 16 இடங்கள். கடைசி இடத்தில் சில சமயம் 'எக்ஸ்' வரும், அது சரிபார்ப்புக் குறி, தட்டச்சுப் பிழை அல்ல. ஆர்கிட் 2012இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகள் ஆய்வாளர் உட்கார்ந்து சேர்த்திருந்தால்தான் அங்கே இருக்கும். ஆகவே மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலும் ஸ்கோபஸிலும் பெயரை வைத்து மறுபடி தேடுங்கள். ஒற்றை முதலெழுத்து, இரட்டை முதலெழுத்து, விரித்தெழுதிய தந்தை பெயர், திருமணத்துக்குப் பின் மாறிய பெயர் என எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். பெயரோடு 'ஃபெர்ட்டிலிட்டி' என்று சேர்த்தால் மண்வளமும் மக்கள்தொகை ஆய்வும் வந்து குவியும். 'ஊசைட்' (சினைமுட்டை), 'ஸ்பெர்ம்' (விந்தணு), 'எம்ப்ரியோ' (கரு), 'பிளசென்டா' (நஞ்சுக்கொடி) போன்ற குறுகலான சொற்களே உதவும். சந்தேகமான கட்டுரையைக் கூட்டாசிரியர்களையும் நிறுவன முகவரியையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்ட பிறகே சேரும்படி வையுங்கள். இல்லாவிட்டால் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை உள்ளே புகுந்துவிடும்.

கிடைத்த அனைத்தையும் ஒரு எக்செல் தாளில் இறக்கி, ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். ஆண்டு, இதழ், டிஓஐ, வகை, ஆசிரியர் வரிசையில் இடம், மேற்கோள் எண்ணிக்கை ஆகிய ஆறு பத்திகள் போதும்.

இவற்றில் 'வகை' என்ற பத்திதான் இந்தத் துறையில் காலை வாரும். எஷ்ரே (ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம்) மாநாட்டின் சுருக்கங்கள் 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்' இதழின் இணைப்பாகவும், ஏஎஸ்ஆர்எம் (அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம்) மாநாட்டின் சுருக்கங்கள் 'ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி' இதழின் இணைப்பாகவும் அச்சாகின்றன. இதழின் பெயரை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு சிறு சுருக்கமும் முழு ஆய்வுக் கட்டுரையும் ஒன்றுபோலத் தெரியும். அவற்றைத் தனித் தாளுக்கு மாற்றிவிடுங்கள். அதற்காக 'ஆய்வுக் கட்டுரை, மீள்பார்வைக் கட்டுரை மட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு வடிகட்டவும் கூடாது. சோதனைக் குழாய்க் குழந்தையின் முதல் பிறப்பை ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1978இல் 'லான்செட்' இதழில் அறிவித்தது ஒரு சிறு கடிதமாகத்தான். அந்த வடிகட்டியில் அது விழுந்துபோகும்.

இன்னொரு சிக்கல், ஒரே ஆவணம் இரண்டு இதழ்களில் வருவது. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கான ராட்டர்டாம் வரையறை 2004இல் 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்', 'ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி' இரண்டு இதழ்களிலுமே வெளியானது. மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இதைப் பட்டியலில் ஒரே படைப்பாக எண்ணி, இரு பதிவுகளின் மேற்கோள்களையும் தனித்தனியே குறிப்பிடுவதே நேர்மை. கூட்டிவிட்டால், இரண்டையும் சேர்த்து மேற்கோள் காட்டிய கட்டுரைகள் இருமுறை எண்ணப்படும்.

இனி கணக்கு. எட்டுக் கட்டுரைகளின் மேற்கோள்களை இறங்கு வரிசையில் எழுதுவோம்: 90, 41, 22, 9, 7, 6, 3, 1. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் உண்டு; ஏழாவதற்கு 3தான். ஆகவே எச்-இன்டெக்ஸ் 6. பத்தும் அதற்கு மேலும் பெற்றவை மூன்று என்பதால் ஐ10-இன்டெக்ஸ் 3. மொத்தம் 179, சராசரி 22க்கு மேல், இடைநிலையோ (வரிசையின் நடுவில் நிற்கும் மதிப்பு) 8. மொத்தத்தில் பாதி ஒரே கட்டுரையிலிருந்து வந்திருக்கிறது. சராசரியை மட்டும் எழுதினால் இது மறைந்துபோகும். இடைநிலையையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்தப் பெரிய கட்டுரை எது என்று திறந்து பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். விந்துப் பரிசோதனைக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்பீட்டு அளவுகள் 2010இல் 'ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன் அப்டேட்' இதழில் வந்தன. மில்லிலிட்டருக்கு 15 மில்லியன் விந்தணு என்ற அதன் கீழ் வரம்பைக் குறிப்பிட்ட ஆய்வுகள் பலவும் அதைச் சுட்டின. இத்தகைய வழிகாட்டுதல்களில் பலருள் ஒருவராக இருப்பதும், எலியின் சினைமுட்டையில் பல ஆண்டுகள் வேலை செய்து கடைசி ஆசிரியராக (வழக்கமாக ஆய்வகத் தலைவரின் இடம்) கட்டுரை எழுதுவதும் ஒரே தராசில் நிற்காது. முதல், கடைசி, தொடர்பு ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளுக்கு மட்டும் தனியாக ஒரு எச்-இன்டெக்ஸ் போட்டுப் பாருங்கள். பல சமயம் அதுவே அதிகம் பேசும்.

துறைக்குள்ளேயும் வேகம் வேறு. செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனை ஆய்வுகளைச் சுட்ட ஆட்கள் அதிகம். 'தீரியோஜெனாலஜி' போன்ற கால்நடை இனப்பெருக்க இதழ்களின் வாசகர் வட்டம் சிறிது. இரு ஆய்வாளர்களை நேரடியாக ஒப்பிட நேர்ந்தால் துறைக்கேற்பச் சீர்செய்த அளவுகளைப் பயன்படுத்துங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் தளத்தில் பப்மெட் எண்களை இட்டால் சார்பு மேற்கோள் விகிதம் (துறையின் மேற்கோள் வேகத்தோடு ஒப்பிட்ட அளவு) இலவசமாகக் கிடைக்கும். அந்த நிறுவனத்தின் நிதி பெற்ற கட்டுரைகளின் இடைநிலையே அங்கே 1.0. பப்மெட்டில் இல்லாத கட்டுரைக்கு அது கிடைக்காது. கடந்த ஓரிரு ஆண்டுகளின் கட்டுரைகளுக்கு எந்த விகிதத்தையும் நம்ப வேண்டாம்.

இம்பாக்ட் ஃபேக்டரை ஆளுக்குச் சூட்டாதீர்கள். ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரி அது. இதழைப் பற்றியது, அவ்வளவுதான்.

ஸ்கோபஸில் சுயமேற்கோள்களை நீக்கும் தேர்வு உண்டு. நீக்கியும் நீக்காமலும் இரண்டு எண்களையும் எடுத்து வையுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருக்கிறதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் டிஓஐ கொண்டு சோதியுங்கள். 2023 முதல் அதை கிராஸ்ரெஃப் இலவசமாகத் தருகிறது.

இறுதியில் எழுதும் வரி இப்படி இருக்கட்டும்: "முழுக் கட்டுரைகள் 8, மாநாட்டுச் சுருக்கங்கள் தனி, ஸ்கோபஸ், இன்ன தேதி, சுயமேற்கோள் நீக்கப்பட்டது, மொத்த மேற்கோள் 179, இடைநிலை 8, எச்-இன்டெக்ஸ் 6." அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஒரு எண்ணை மட்டும் மாற்றாமல் எல்லா எண்களையும் ஒரே நாளில், அதே தரவுத்தளத்திலிருந்து எடுங்கள்.