இலை போடறதுக்கு முன்னாடி: கேஎல்ல (கோலாலம்பூர்ல) சாப்பாட்டுக் கடை பாக்கறப்ப நாம பண்ற தப்புங்க

போன மாசம் செந்தூல் பக்கம் ஒரு கடைக்குப் போனோம், கூகிள்ல 4.7 ஸ்டார், ஆயிரத்துக்கு மேல ரிவியூ, சரி நல்லாதான் இருக்கும்னு தம்பி காடிய ஓரமா போட்டுட்டான். உக்காந்தப்புறம்தான் மேசையில ஒட்டியிருந்த கார்டைப் பாத்தேன், அஞ்சு ஸ்டார் போட்டு போனைக் காட்டினா ஒரு தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) ஃப்ரீயாம். அடப்பாவிகளா, அப்ப அந்த ஆயிரத்துல ரிவியூ எத்தனை, தே ஓ எத்தனை? தண்ணி கொண்டாந்து வச்சாங்க, டம்ளரை வாய்கிட்ட கொண்டு போனா முட்டை வாடை. அப்பவே எந்திரிச்சிருக்கணும். எந்திரிக்கல, ஏன்னா அதுக்குள்ள இலை போட்டு சோறும் வச்சிட்டாங்க, இனிமே எப்படி எந்திரிக்கறதுன்னு ஒரு கூச்சம். நம்ம ஆளுங்க பண்ற தப்புலயே பெரிய தப்பு இந்தக் கூச்சம்தான். யோசிக்கறத எல்லாம் இலை போடறதுக்கு முன்னாடியே யோசிச்சிடணும்.

ஸ்டாரைப் பாக்கவே கூடாதுன்னு சொல்லல. மொத்த நம்பரைப் பாக்காம புதுசா வந்த ரிவியூவ மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்க, ஏன்னா நம்ம கடைங்கள்ல பேரு போர்டுல இருக்கும், ருசி சமைக்கற மாஸ்டர் கையில இருக்கும். நெறைய கடைல மாஸ்டர் ஊர்லேருந்து பெர்மிட்ல வந்தவரு, பெர்மிட் முடிஞ்சு அவரு கெளம்பிட்டா அதே போர்டு, அதே மேசை, சாம்பார் மட்டும் வேற. ஆள் கெடைக்கலைன்னு பிரிமாஸ், பிரெஸ்மா மாதிரி உணவகச் சங்கங்க வருஷக்கணக்கா அரசாங்கத்துக்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்காங்க, அது சும்மா இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி எழுதின "சூப்பர் வருவல்" அந்தக் கைக்கு விழுந்த ஸ்டார், இப்ப அடுப்புகிட்ட நிக்கற கைக்கு இல்ல.

கூட்டமா இருக்கு, அப்ப நல்ல கடைதான்னு நினைக்கறது அடுத்தது. பாதிதான் உண்மை. கூட்டம் இருந்தா சோறும் கறியும் சீக்கிரம் தீரும், பழசு நிக்காது, அது நல்லதுதான். ஆனா பிரிக்ஃபீல்ட்ஸ்ல பன்னெண்டரை மணிக்கு எந்தக் கடைதான் காலியா இருக்கு? கேஎல் சென்ட்ரல் பக்கத்துல, ஆபிஸ் ஆளுங்களுக்கு ஒரு மணி நேரம்தான் பிரேக், கிட்ட இருக்கற கடைல உக்காருவாங்க, அவ்ளோதான். பினாங்கு ஜார்ஜ்டவுன்ல கியூ நிக்கறதும் அப்படித்தான், அதுல பாதிப் பேரு போன்ல பாத்துட்டு வந்த டூரிஸ்ட். கூட்டத்தோட தலைய எண்ணாதீங்க, யாருன்னு பாருங்க. தனியா வந்து பேப்பர் படிச்சுக்கிட்டே சாப்பிடற ஒரு பெருசு, ஸ்கூல் யூனிஃபார்ம்ல புள்ளைய கூட்டிட்டு வந்த அம்மா, இவங்க இருந்தா தைரியமா போகலாம்.

அதே கடைக்கு மூணு மணிக்குப் போய்ட்டு நல்லால்லன்னு திட்டறவங்களும் உண்டு. வாழையிலை சாப்பாட்டை மூணு மணிக்கு சாப்பிடக் கூடாது லா. கீரை கறுத்துப்போயி ஓரத்துல தண்ணி விட்டிருக்கும், அப்பளம் டின்னுக்கு அடியில நொறுங்கினது, பாகற்காய் பொரிச்சது நமத்துப்போயி இழுத்தா நீளும். அந்த நேரத்துக்கு பசிச்சா ஒரு தோசை சொல்லிட்டு உக்காருங்க, அது கல்லுல அப்பத்தான் ஊத்துவாங்க.

ஏர்கான், பளபளன்னு டைல்ஸ் பாத்து சுத்தத்தை முடிவு பண்ணாதீங்க. பின்னாடி லோரோங் (சந்து) வழியா ஒரு தடவை நடந்து போங்க, மங்கு (தட்டு) எங்க கழுவறாங்கன்னு தெரிஞ்சிடும். 2018-ல பங்சார்ல நல்லா ஓடின ஒரு கடைல பின்பக்க ரோட்டுல தேங்கின தண்ணியில மங்கு கழுவின வீடியோ நாடு பூரா சுத்துச்சு, முன்னாடி உக்காந்து சாப்பிட்டவங்களுக்கு அது எப்படித் தெரியும்? சட்டம் இல்லாம இல்ல. 1983 உணவுச் சட்டம் 11-ஆவது பிரிவுல அசுத்தமான கடைய 14 நாள் வரைக்கும் மூட வைக்கலாம், சமைக்கறவங்க பரிமாறறவங்க எல்லாரும் டைஃபாய்டு ஊசி போட்டு, பயிற்சியும் முடிச்சிருக்கணும்னு 2009 விதிமுறை இருக்கு. கேஎல் மாநகர மன்றம் டிபிகேஎல் ஏ, பி, சின்னு கிரேடும் குடுக்குது, கல்லாவுக்குப் பின்னாடி மாட்டியிருப்பாங்க. ஆனா அது செக் பண்ண வந்த அன்னிக்கு எடுத்த மார்க், அதனால எழுத்தோட சேத்து தேதியையும் பாருங்க. எனக்கு அதைவிட பெரிய பரீட்சை டம்ளர்தான், வாடை வந்தா கெளம்பிடுவேன், இனிமேலாவது.

விலை கேக்கறதுக்கு வெக்கப்படறது இருக்கே, அதுல அடி வாங்காதவங்க யாரு? பினாங்குல ஒரு நாசி கண்டார் கடைல (சோத்து மேல பல குழம்பு கலந்து ஊத்தற கடை) என் மச்சான் மங்க நீட்டினான், அண்ணன் கேட்டாரு "இறால்?", இவன் தலைய ஆட்டினான், "மீன் முட்டை?", அதுக்கும் ஆட்டினான், ரெண்டு கரண்டி குழம்பு பஞ்சிர் பண்ணி (வெள்ளமா ஊத்தி) கல்லாவுக்குத் தள்ளினா நாப்பத்தி ரெண்டு வெள்ளி (ரிங்கிட்). ஒருத்தனுக்கு! கோழியும் வெண்டைக்காயும் எடுத்திருந்தா அதுல பாதி கூட வந்திருக்காது. இறால், சோத்தோங் (கணவாய்), மீன் முட்டை, மீன் தலை இந்த நாலும் வாயத் தொறந்து கேக்க வேண்டிய ஐட்டம், மங்குல விழறதுக்கு முன்னாடியே "அண்ணே, இது எவ்ளோ?"ன்னு கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. விலைய எழுதிப் போட வேண்டியது கடைக்காரரோட பொறுப்பு, போடலைன்னா உள்நாட்டு வாணிப அமைச்சு கேபிடிஎன்ல புகார் குடுக்கலாம். மெனுல "சீசன் விலை"ன்னு போட்டிருந்தா இன்னிக்கு எவ்ளோன்னு கேட்டுட்டு சொல்லுங்க.

மெனுவோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்தும் படிங்க. 6 விழுக்காடு எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) அரசாங்கத்தோடது, வருஷத்துக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல வியாபாரம் பண்ற கடைங்கதான் அதை வாங்கணும். 2024 மார்ச்ல மத்த பல சேவைங்களுக்கு 8 ஆனப்பவும் சாப்பாட்டுக்கு 6-லயே விட்டுட்டாங்க. 10 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் கடையோடது, வரி இல்ல. ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சு பில்லு வந்தப்புறம் சண்டை போடறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

யாரைக் கூட்டிட்டுப் போறோம்னு யோசிக்காம கடை தேடறதும் தப்புதான். எங்க அத்தை மாடு தொட மாட்டாங்க, ஆனா நாசி கண்டார்ல கலந்து ஊத்தற குழம்புல மாட்டுக் குழம்பும் சேர்ந்தே வரும்னு ரொம்ப நாளா அவங்களுக்குத் தெரியாது. "அண்ணே, டாகிங் குழம்பு வேணாம், கோழி குழம்பு மட்டும்"னு சொன்னா தனிக் கரண்டி எடுத்து ஊத்துவாங்க. டால்ச்சாவ பருப்புன்னு நம்பி சைவக்காரங்க ரொட்டி சானாய்க்குத் தொட்டுக்கறது இன்னொரு கூத்து, பல கடைல அதுல எலும்பு போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க. ஆபிஸ்ல மலாய் நண்பரைக் கூட்டிட்டுப் போறீங்களா, "பன்றி இல்லை"ன்னு போர்டு இருக்கறதும் ஜாக்கிம் (அரசாங்க இஸ்லாமிய இலாகா) குடுக்கற ஹலால் சான்றிதழ் இருக்கறதும் வேற வேற, அவருகிட்டயே கடைய சொல்லச் சொல்றது மரியாதை.

புதுக் கடைன்னா நான் இப்பல்லாம் குடும்பத்தோட போறதில்ல. தனியா காலையில போயி ஒரு தே, ஒரு தோசை, பத்து வெள்ளிக்குள்ள வேலை முடிஞ்சிடும், சட்னி புளிச்சிருந்தா அங்கயே தெரியும். எங்க ஃப்ளாட்டுக்குக் கீழ இருக்கற கடை அப்படித்தான் பழக்கமாச்சு. அங்க மாஸ்டர் இப்ப ஊருக்குப் போயிருக்காரு, தைப்பூசம் முடிஞ்சு வருவாராம், அதுவரைக்கும் எனக்கு அங்க வெறும் தே மட்டும்தான்.